மாலை போட்டு அனுப்பின பிள்ளை இப்போ எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. யாரையும் குறை சொல்ல எழுதல. குறை சொல்லணும்னா முதல் ஆள் நான்தான்.

போன மாசம் எங்க பேக்டரியில புது ஆப்பரேட்டர்கள் சில பேர் வந்தாங்க. 12 மணி நேர ஷிப்ட். சூப்பர்வைசர் நான்தான் அவங்களுக்கு லைனைக் காட்டணும். அதுல ஒரு தம்பி என் முகத்தைப் பார்க்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். எங்கேயோ பார்த்த முகம். ரெண்டு நாள் கழிச்சு கேண்டீன்ல பக்கத்துல உட்கார்ந்தப்போதான் ஞாபகம் வந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கோயில்ல மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, 500 வெள்ளி காசோலை கொடுத்து, "இந்தப் பையன் யூனிவர்சிட்டிக்குப் போறான், எல்லாரும் கை தட்டுங்க" என்று மைக்கில் சொன்னோமே, அதே பையன். மைக்கைப் பிடிச்சிருந்தது நான்தான்.

"தம்பி, நீ படிப்பை முடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ரெண்டாவது செமஸ்டரோட விட்டுட்டேன்."

"ஏம்ப்பா, கோயிலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவன் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான். "மாலை போட்ட இடத்துல வந்து காசு இல்லன்னு எப்படிண்ணே சொல்றது?"

அந்த வார்த்தை எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நாம போட்ட மாலைதான் அவனை நம்மகிட்ட வர விடாம தடுத்திருக்கு.

அவன் கதை ரொம்ப சாதாரண கதைதான். அப்பா லாரி அட்டெண்டன்ட். முதல் செமஸ்டர் நடுவுல முதுகுல அடிபட்டு வீட்டோட இருந்துட்டாரு. அம்மா கிளீனர் வேலை. பி.டி.பி.டி.என். கடன் பணம் வந்ததும் பாதியை வீட்டுக்கு அனுப்பிட்டான். மீதியை வெச்சு சமாளிக்க முடியல. ராத்திரி ஒரு கடையில வேலைக்குப் போனான். காலையில வகுப்புல தூக்கம். முதல் செமஸ்டர் புள்ளி 2.0-க்குக் கீழே போயிடுச்சு. புள்ளி அப்படிக் குறைஞ்சா கடன் பணமும் நின்னு போகும். பணம் நின்னதும் இன்னும் அதிக நேரம் வேலை, இன்னும் குறைவான படிப்பு. கடைசியில ஒரு நாள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டான். பரீட்சைக்குப் போகல. யாருகிட்டேயும் சொல்லல. படிப்பு போச்சு, ஆனா வாங்கின கடன் போகல. அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி கடிதம் வருது. பட்டம் இல்லாத பட்டதாரிக் கடன்.

இந்த இடத்துல இன்னொருத்தரைப் பத்தி சொல்லணும்.

போன வருஷம் நம்ம கோயிலுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. கெடாவுல தோட்டத்துல பிறந்து வளர்ந்த பிள்ளை. அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் வெட்டினவங்க. இப்போ முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யுது. தலைப்பு என்னன்னா, குடும்பத்துலேயே முதல் ஆளா யூனிவர்சிட்டிக்குப் போற ஏழைப் பிள்ளைங்க அங்கே எப்படிச் சமாளிக்கிறாங்க என்பது. கோயில் மூலமா மாணவர்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்டு வந்துச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு அப்போ பெரிய மரியாதை வரல. எத்தனை பேர் கேள்வித்தாளோட வந்து போயிருக்காங்க. "அங்கிள், அஞ்சு நிமிஷம்" என்பாங்க. நாம பதில் சொல்லுவோம். அதுக்கப்புறம் ஆளையே பார்க்க முடியாது.

அதை அந்தப் பொண்ணுகிட்டேயே சொன்னேன். அது கோபப்படல. "எனக்கும் அதே கேள்விதான் அங்கிள். நான் கேட்கிறதுக்கு அவங்க பதில் சொல்றாங்க. அதை வெச்சு எனக்குப் பட்டம் கிடைக்கும். அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு ராத்திரி யோசிச்சா தூக்கம் வர மாட்டேங்குது" என்று சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் நான் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சேன்.

அது சொன்னதுல ஒண்ணு என் மனசுல தங்கிடுச்சு. ஆய்வு செய்யும்போதே அது சின்ன வகுப்புகளும் எடுக்குது. அதுல ஒரு பையன் எப்பவும் தூங்குவானாம். சோம்பேறி என்று நினைச்சு ஒரு தடவை எல்லார் முன்னாடியும் கண்டிச்சிருக்கு. பிறகு அதே பையன் ஆய்வுக்காகப் பேட்டி கொடுக்க வந்து உட்கார்ந்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. ராத்திரி பூரா எண்ணெய் நிலையத்துல வேலை. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் மேகி. பேட்டியை முடிச்சிட்டு அவனைக் கூட்டிக்கிட்டுப் போய் சோறு வாங்கிக் கொடுத்திருக்கு. அதுக்கப்புறம் மாசா மாசம் தன்னோட உதவித்தொகையில இருந்து கொஞ்சம் கொடுத்திருக்கு.

இதுல என்ன சிக்கல் என்று எனக்குப் புரியல. அதுதான் விளக்குச்சு. ஆய்வு செய்றவர் பேட்டி கொடுக்கிறவருக்குப் பணம் கொடுத்துக்கிட்டு இருந்தா, அவன் சொல்றது உண்மையா, இல்ல அக்கா மனசுக்குப் பிடிக்கும்படி சொல்றானா என்று தெரியாது. அதனால ஆய்வுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, தள்ளி நிக்கணும். ஆனா பசியோட இருக்கிற பையன் முன்னாடி எப்படித் தள்ளி நிக்கிறது? கடைசியில அது ஒரு முடிவு எடுத்துச்சு. அவனோட பேட்டியை ஆய்வுல இருந்தே எடுத்துட்டு, அவனுக்கு உதவியைத் தொடர்ந்துச்சு. "ஒரு பேட்டி குறைஞ்சா ஆய்வு செத்துப் போகாது அங்கிள்" என்று சொல்லுச்சு.

நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன். ஆய்வு பத்தி பேச எனக்குத் தகுதி இல்ல. ஆனா அந்தப் பிள்ளை செஞ்சது சரி என்றே எனக்குப் படுது. அதே சமயம் இன்னொண்ணும் தோணுது. மாசம் தனக்கே பத்தாத உதவித்தொகையில வாழுற ஒரு மாணவி, இன்னொரு மாணவனுக்குச் சோறு போடுது. பக்கத்துல கோயிலை வெச்சுக்கிட்டு நாம என்ன செய்றோம்? அன்னதானத்துல மிஞ்சின சாம்பாரை என்ன செய்றது என்று யோசிச்சுக்கிட்டு இருக்கோம்.

பேக்டரியில நாங்க ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிக் கொடுப்போம். கடைசியில எத்தனை நல்ல பீஸ் வந்துச்சு என்று மட்டும் எண்ணக்கூடாது. எந்த ஸ்டேஷன்ல ரிஜெக்ட் ஆகுது என்று எண்ணணும். பத்து ஸ்டேஷன் இருக்கிற லைன்ல நூறு பீஸ் உள்ளே போய் எண்பதுதான் வெளியே வருதுன்னா, அந்த இருபது எங்கே விழுந்துச்சு என்று தெரியாம எதையும் சரி செய்ய முடியாது. உள்ளே போனதை மட்டும் எண்ணி கை தட்டினா கம்பெனி மூட வேண்டியதுதான்.

நாம நம்ம பிள்ளைங்க விஷயத்துல அதைத்தான் செய்றோம். உள்ளே போறதை எண்ணுறோம். எத்தனை ஏ, எத்தனை பேருக்கு இடம் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கல, அதுக்கு எத்தனை அறிக்கை, எத்தனை சண்டை. அது தேவைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா உள்ளே போன பிள்ளை வெளியே பட்டத்தோட வந்தானா என்று யாராவது எண்ணினோமா?

இதுவரைக்கும் நம்ம சமுதாயம் ஒண்ணும் செய்யலன்னு சொன்னா அது பொய். 1816-ல இதே பினாங்குல, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு ஆரம்பிச்சது. அதை வெச்சுத்தான் 2016-ல இந்த நாட்டுல தமிழ்க் கல்விக்கு 200 வருஷம் என்று கொண்டாடினோம். 1906-ல இருந்து இங்கே இந்து அறப்பணி வாரியம் இருக்கு, கல்விக்கும் உதவி கொடுக்குது. 1982-ல மலாயா பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தை ஆரம்பிச்சார். அதுல பாடம் நடத்தினவங்க நிறைய பேர் யூனிவர்சிட்டி மாணவர்கள். தாங்கள் ஏறி வந்த ஏணியில அடுத்த பிள்ளைக்குக் கை கொடுத்தாங்க. சனி ஞாயிறு சும்மா படுத்துக் கிடக்கலாம், ஆனா அவங்க எஸ்டேட்டுக்கும் கம்பத்துக்கும் பஸ் ஏறிப் போய் சொல்லிக் கொடுத்தாங்க. 1984-ல எம்.ஐ.இ.டி. வந்துச்சு. அது மூலமா கெடாவுல எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்துச்சு.

இதெல்லாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனா கவனிச்சுப் பாருங்க. நம்ம வேலையில பெரும்பகுதி பிள்ளையை யூனிவர்சிட்டி கேட் வரைக்கும் கொண்டு போய் விடுற வேலை. டியூஷன் கேட் வரைக்கும். மாலை கேட் வரைக்கும். கேட்டுக்கு உள்ளே போன பிறகு அவன் சாப்பிட்டானா, பஸ்ஸுக்குக் காசு இருக்கா, யாருகிட்ட என்ன கேட்கணும்னு அவனுக்குத் தெரியுமா? அங்கே நாம இல்ல.

இது நம்ம ஊர்ல மட்டும் இருக்கிற பிரச்சினை இல்லன்னும் அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அமெரிக்காவுல ஆந்தனி ஏபிரகாம் ஜாக் என்று ஒருத்தர். ஏழைக் குடும்பத்துல இருந்து வந்தவர். ஹார்வர்டுல முனைவர் பட்ட மாணவரா இருந்தப்போ, ஒரு பெரிய பணக்கார யூனிவர்சிட்டியில படிக்கிற 103 மாணவர்கள்கிட்ட பேசி ஆய்வு செஞ்சார். 2019-ல அது புத்தகமா வந்துச்சு. அதுல அவர் கண்டுபிடிச்சது என்ன தெரியுமா? நடு செமஸ்டர்ல ஒரு வாரம் லீவு விடுவாங்க. பணக்காரப் பிள்ளைங்க ஊர் சுற்றப் போயிடுவாங்க. ஏழைப் பிள்ளைங்களுக்கு ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்ல, ஹாஸ்டல்லேயே கிடப்பாங்க. அந்த வாரம் பார்த்து யூனிவர்சிட்டி சாப்பாட்டுக் கூடத்தை மூடிடுவாங்க. முழு ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூப்பிட்ட பிள்ளை ஒரு வாரம் பட்டினி. உலகத்துலேயே பணக்கார யூனிவர்சிட்டிகளுக்கு இது தெரியல! அவர் எழுதிப் பேசின பிறகு ஹார்வர்டுல லீவு நாள்லேயும் சாப்பாட்டுக்கு வழி செஞ்சாங்க.

அவர் இன்னொண்ணும் சொன்னாராம். விரிவுரையாளர் "இந்த நேரத்துல என் அறையில இருப்பேன், வந்து பாருங்க" என்று அட்டவணையில போட்டிருப்பார். படிச்ச குடும்பத்துப் பிள்ளைங்க போய் கதவைத் தட்டுவாங்க. ஏழைப் பிள்ளைங்க பல பேர் போக மாட்டாங்க. அந்த நேரம் எதுக்கு என்றே அவங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லித் தரல. எதையும் கேட்காம தானே சமாளிக்கிறதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று நினைச்சுக்குவாங்க. இதைக் கேட்டதும் எனக்கு நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் கண்ணு முன்னால வந்தாங்க. "பெரியவங்ககிட்ட போய் தொந்தரவு பண்ணாதே" என்று நாமதானே வளர்த்தோம்.

ஆய்வு என்பது சும்மா காகிதம் இல்ல என்று அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. அந்தச் சாப்பாட்டுக் கூடத்தை மூடினவன் கெட்டவன் இல்ல. யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லல, அவ்வளவுதான். ஆனா ஆய்வு செஞ்சதை அந்த மக்கள்கிட்டேயே கொண்டு வந்து சொல்லணும். இங்கிலீஷ்ல 300 பக்கம் எழுதி நூலகத்துல வெச்சா, பிள்ளையோட அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதனால அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், "நீ எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும்னு நினைச்சா, ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் வந்து தமிழ்ல பேசும்மா" என்று. வந்துச்சு. முப்பது பேர் கூட இல்ல. ஆனா வந்தவங்க ஒருத்தரும் நடுவுல எழுந்து போகல.

அன்னைக்கு அது சொன்ன சில விஷயத்தை இங்கே போடுறேன். யாருக்காவது உதவும்.

1. பி.டி.பி.டி.என். பணம் பதிவு செஞ்ச அன்னைக்கே கையில வராது. ஒப்பந்தம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வரும். அதுக்குள்ள கட்டணம், தலையணை, பக்கெட், பஸ் எல்லாத்துக்கும் காசு வேணும். அரசாங்க யூனிவர்சிட்டியில இடம் கிடைச்ச பி40 குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு அந்தக் கடன்லேயே முன்பணமா 1,500 வெள்ளி வரைக்கும் வாங்க வழி இருக்கு. டபிள்யூ.பி.பி. என்று பேரு. அதுக்குத் தேதி இருக்கு, முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். பி.டி.பி.டி.என். கிளைக்குப் போய் கேளுங்க.

2. அப்பா அம்மாவுக்கு இ.பி.எப். இருந்தா, பிள்ளையோட உயர்கல்விக்காக எடுக்கலாம். முன்னாடி இரண்டாவது கணக்கு என்று சொல்லுவோம், 2024 மே மாசத்துல இருந்து அது செஜாத்ரா கணக்கு. ஓய்வுக்காலப் பணம் என்பதால யோசிச்சு எடுங்க, ஆனா ஆ லோங்கிட்ட போறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

3. இதுதான் ரொம்ப முக்கியம். வீட்டுல பிரச்சினை, உடம்பு சரியில்ல, பணம் இல்ல, எதுவா இருந்தாலும் சொல்லாம கொள்ளாம ஓடி வந்துடாதீங்க. படிப்பைத் தள்ளி வைக்க விண்ணப்பம் கொடுக்கலாம். மலாய்ல தங்குஹ் பெங்காஜியான் என்று சொல்லுவாங்க. அனுமதி கிடைச்சா உங்க இடம் அங்கேயே இருக்கும், அடுத்த செமஸ்டரோ பிறகோ திரும்பிப் போகலாம். சொல்லாம நின்னுட்டா உங்களை நீக்கிடுவாங்க.

இந்த மூணாவது விஷயத்தை அந்தப் பொண்ணு சொன்னப்போ நான் பின்னாடி நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்தேன். பாதி காதுல விழுந்துச்சு, பாதி விழல. பல மாசம் கழிச்சு, என் லைன்ல அந்தத் தம்பி பக்கத்துல உட்கார்ந்து அவன் கதையைக் கேட்டப்போதான் அது திரும்ப மண்டையில அடிச்சது. "தம்பி, தள்ளி வைக்க விண்ணப்பம் கொடுத்தியா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணு இருக்காண்ணே?" என்றான்.

ஒரு பாரம். ஒரு கையெழுத்து. யாராவது ஒருத்தர் போன்ல சொல்லியிருந்தா போதும். அப்பா உடம்பு தேறுற வரைக்கும் வீட்டுல இருந்து வேலை செஞ்சிட்டு, அடுத்த வருஷம் திரும்பிப் போயிருப்பான். இப்போ முதல்ல இருந்து விண்ணப்பம் போடணும். 500 வெள்ளி கொடுத்த நாம, அஞ்சு காசு செலவில்லாத ஒரு தகவலைக் கொடுக்கல.

அதுக்கப்புறம் நான் ஒரு வேலை செஞ்சேன். கோயில் அலமாரியில இருந்த பழைய நோட்டை எடுத்தேன். அஞ்சு வருஷத்துல நாம மாலை போட்ட பிள்ளைங்க பேரு 37 இருந்துச்சு. சாயங்காலம் சாயங்காலம் ஒவ்வொருத்தரா போன் பண்ணினேன். பாதி நம்பர் மாறிப் போச்சு. 22 பேர்கிட்ட பேச முடிஞ்சது, சில பேர் வீட்டுல அப்பா அம்மாதான் பேசினாங்க. அதுல அஞ்சு பேர் படிப்பை விட்டிருந்தாங்க. இது ஆய்வு இல்ல, ஒரு கோயில் நோட்டுக் கணக்குதான். இதை வெச்சு நாடு பூரா இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அந்த அஞ்சு பேர் போதும். அஞ்சு பேர்ல ஒருத்தர் கூட விடுறதுக்கு முன்னாடி நம்மகிட்ட வரல. ஒரு அம்மா போன்ல அழுதுட்டாங்க. "மூணு வருஷத்துல கோயில்ல இருந்து இப்பத்தான் தம்பி கேட்கிறீங்க" என்றாங்க.

இப்போ என்னோட கருத்துக்கு வர்றேன். ஒரே தடவை பெரிய காசோலை கொடுக்கிற பழக்கத்தை நாம மாத்தணும். சின்னத் தொகையா இருந்தாலும் மாசா மாசம் போகணும்.

தமிழ்நாட்டுல 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் ஆரம்பிச்சாங்க. அரசுப் பள்ளியில படிச்சு கல்லூரிக்குப் போற பெண் பிள்ளைங்களுக்கு மாசம் 1,000 ரூபாய், படிப்பு முடியுற வரைக்கும். 2024-ல பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று கொண்டு வந்தாங்க. பெரிய தொகை இல்ல. ஆனா மாசா மாசம் வருது, பிள்ளையோட பேர்ல இருக்கிற கணக்குக்கே வருது. பஸ்ஸுக்கு ஆச்சு, போட்டோகாப்பிக்கு ஆச்சு, அப்பாகிட்ட கை நீட்ட வேண்டாம். நடிகர் சூர்யாவோட அகரம் அறக்கட்டளை 2010-ல விதைத் திட்டம் ஆரம்பிச்சப்போ கட்டணம் கட்டுறதோட நிக்கல, கூட இருந்து வழிகாட்ட தன்னார்வலர்களையும் சேர்த்தாங்க.

நம்ம கோயிலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து பிள்ளைங்க, மாசம் 150 வெள்ளி, வருஷத்துல பத்து மாசம். மொத்தம் 15,000 வெள்ளி. பெரிய தொகைதான், மறுக்கல. ஆனா போன திருவிழா வரவு செலவுக் கணக்கை எடுத்து வாடகை விளக்கு, பேண்டு, பூ அலங்காரம், பட்டாசு நாலையும் கூட்டிப் பாருங்க. கணக்கு எல்லாருக்கும் கொடுத்திருக்காங்க, நான் இங்கே சொல்லத் தேவையில்ல. பூ வேண்டாம்னு சொல்லல. சாமிக்குப் பூ இல்லாம எப்படி? பாதி பூ போதும் என்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில குவியல் குவியலா உடைக்கிற தேங்காயைப் பத்தி பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனை வருஷமா பேசிக்கிட்டு இருக்கு. நூறு உடைக்கிற இடத்துல ஒன்பது உடைங்க. மிச்சத்தை ஒரு பிள்ளையோட பஸ் காசுக்குக் கொடுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார். பழத்துக்காக உலகத்தைச் சுத்தினவருக்குப் பசின்னா என்னன்னு தெரியும்.

கமிட்டியில சில பேர் சொல்றதையும் நியாயமா சொல்லிடுறேன்.

"கோயில் பணம் சாமிக்கு." சரி. அப்படின்னா அன்னதானம் யாருக்கு? தண்ணீர் பந்தல் யாருக்கு? நடந்து வர்ற பக்தனுக்கு மோர் கொடுக்கிறது புண்ணியம், படிக்கப் போன பிள்ளைக்குச் சோறு கொடுக்கிறது புண்ணியம் இல்லையா?

"கொடுத்தா மறந்துடுவாங்க, பிறகு கோயில் பக்கமே வர மாட்டாங்க." உண்மை, சில பேர் அப்படித்தான். ஆனா நாம போன்ல கூட விசாரிக்காத பிள்ளை நம்மளை ஏன் ஞாபகம் வெச்சுக்கணும்?

"காசு கொடுத்தா போன் வாங்குவான்." வாங்கலாம். இன்னைக்கு போன் இல்லாம அசைன்மென்ட் கூட அனுப்ப முடியாது. ஏமாத்துறவன் பத்துல ஒருத்தன் இருப்பான். அந்த ஒருத்தனுக்காக ஒன்பது பேரைப் பட்டினி போடுறது என்ன நியாயம்?

"அரசாங்கம் செய்யணும்." செய்யணும்தான். கேட்போம், விடக்கூடாது. அதுவரைக்கும் பிள்ளை சாப்பிடாம காத்திருக்க முடியாது.

அதனால நான் கேட்கிறது இதுதான்.

ஒண்ணு, மாலை போடுற ஒவ்வொரு பிள்ளைக்கும் கோயில்ல இருந்து ஒரு ஆள். மாசம் ஒரு தடவை போன். "சாப்பிட்டியாப்பா, பணம் வந்துச்சா, பரீட்சை எப்போ" இவ்வளவுதான். படிச்சவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல. பதில் தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. நம்ம கோயிலுக்கு வர்ற ஆசிரியர்கள், பட்டம் வாங்கின பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க.

ரெண்டு, மாசா மாசம் ஒரு சின்னத் தொகை, சத்தமில்லாம பிள்ளையோட கணக்குக்கு. சபாவுக்கும் சரவாக்குக்கும் போற பிள்ளைங்களுக்கு வருஷத்துல ஒரு விமான டிக்கெட். தீபாவளிக்கு வீட்டுக்கு வர முடியாம அங்கேயே கிடக்கிற பிள்ளைங்க இருக்காங்க.

மூணு, போட்டோ வேண்டாம். பாராட்டு விழா வையுங்க, மார்க்குக்கு மாலை போடுங்க. ஆனா பண உதவியை மேடையில கொடுக்காதீங்க. வாங்குற கையை ஊருக்குக் காட்டினா, அந்தக் கை ரெண்டாவது தடவை நீளாது.

நாலு, நோட்டு. உள்ளே போனவங்க பேரு மட்டும் இல்ல, முடிச்சு வந்தவங்க பேரும். வருஷா வருஷம் ஆண்டுக் கூட்டத்துல அதையும் படிக்கணும். விட்டவங்க எத்தனை பேர், ஏன் விட்டாங்க என்றும் படிக்கணும். வெட்கமா இருந்தாலும் படிக்கணும்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படிக்கிற பிள்ளைங்க யாராவது இப்போ கஷ்டத்துல இருந்தா, கேட்கிறதுக்கு வெட்கப்படாதீங்க. விரிவுரையாளர் கதவைத் தட்டுங்க. மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போங்க. அங்கே முடியலன்னா கோயிலுக்கு வாங்க. நீங்க தோத்துப் போனா கோயிலுக்கு அவமானம் இல்ல. நீங்க கஷ்டப்பட்டது எங்களுக்குத் தெரியாம போனதுதான் அவமானம்.

அந்த ஆய்வு செய்ற பொண்ணு இன்னும் எழுதிக்கிட்டு இருக்கு. முடிக்க இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம். முடிச்சதும் தமிழ்ல ஒரு சின்னக் கையேடு எழுதித் தர்றேன் என்று சொல்லியிருக்கு. அச்சடிக்கிற செலவு என்னோடது.

தம்பி இன்னும் என் லைன்லதான் நிக்கிறான். வேலையில கெட்டிக்காரன், சொன்னதை ஒரே தடவையில பிடிச்சுக்குவான். எங்க மேனேஜர் கூட "இவனை விட்டுடாதே" என்கிறார். எனக்கு இவனை விட்டுடணும்னுதான் ஆசை. திரும்ப விண்ணப்பம் போடு என்று தினமும் நச்சரிக்கிறேன். "பார்க்கலாம்ணே" என்கிறான். முன்னாடி முகத்தையே பார்க்க மாட்டான், இப்போ சிரிச்சுக்கிட்டே சொல்றான். அந்த அளவுக்கு வந்திருக்கு.

வர்ற ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். இந்த நாலு விஷயத்தையும் எழுதிக் கொண்டு போறேன். போன தடவை "அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்று தள்ளி வெச்சாங்க. உறுப்பினரா இருக்கிறவங்க தயவு செஞ்சு வாங்க. என்னை ஆதரிக்கணும்னு இல்ல, எதிர்த்துப் பேசணும்னாலும் வாங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க.

மற்ற கோயில்கள்ல இதைவிட நல்லா செய்றவங்க இருந்தா கீழே எழுதுங்க, நாங்க கத்துக்கிறோம். தப்பா ஏதாவது சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க.

முருகா சரணம்.